பையை யார் பார்த்துக்கிறது? குற்றாலத்தில் தனியா ஒரு நாள்!

சோலோ ட்ரிப் போகும் பெண்ணிடம் எல்லோரும் கேட்பது, “பயமா இல்லையா?” என்பதுதான். குற்றாலத்துக்குக் கிளம்புகிறவளிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. “அருவியில நிக்கும்போது பையை யார் பார்த்துக்கிறது?”

சிரிக்காதீர்கள். நாலு பேராகப் போனால் ஒருத்தர் கரையில் உட்கார்ந்து பை, கண்ணாடி, செல்போன் எல்லாவற்றையும் மடியில் வைத்துக் காவல் இருப்பார். குடும்பத்தோடு போனால் அந்த வேலை அம்மாவுக்கோ, “எனக்குத் தண்ணி ஒத்துக்காது” என்று சொல்லும் சித்தப்பாவுக்கோ போய்விடும். தனியாகப் போகிறவள் என்ன செய்வாள்? பையோடு தண்ணீருக்குள் போக முடியாது. பையை விட்டுவிட்டும் போக முடியாது. ஊர் திரும்பும் டிக்கெட், பணம், ஏ.டி.எம் கார்டு, செல்போன், மாற்றுத்துணி எல்லாமே அதில்தான் இருக்கும்.

டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்க்கும் எனக்கு ஜூன் பிறந்துவிட்டால் குற்றாலம் தினசரித் தலைப்பு. “அருவிகளில் வெள்ளப்பெருக்கு... குளிக்கத் தடை!” என்று காலையில் போடுவோம். “தடை நீக்கம்... சுற்றுலாப் பயணிகள் உற்சாகம்!” என்று மாலையில் போடுவோம். இப்படி எத்தனை செய்திகளை அப்லோடு செய்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால், அந்தத் தண்ணீரில் ஒருமுறைகூட நனைந்ததில்லை. ஜூலையில் வார விடுமுறையோடு இரண்டு நாள் லீவைச் சேர்த்துப் போட்டேன். எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறிவிட்டேன்.

முதலில் வந்தது காற்று

ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கம் மலை கூடவே வரத் தொடங்கியது. கடையநல்லூரில் மலையின் தலை தெரியவில்லை. மேகம் மூடியிருந்தது. தென்காசி ஸ்டேஷனில் இறங்கியபோது முகத்தில் ஊசி ஊசியாக ஏதோ பட்டது. மழையும் இல்லை, பனியும் இல்லை. இதைத்தான் ‘சாரல்’ என்கிறார்கள். குடை பிடித்தால் நனையாமல் இருக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அது பக்கவாட்டில் வரும்.

அருவிக்குப் போகும் முன் காசி விஸ்வநாதர் கோயிலுக்குப் போனேன். 15-ம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் இது. பழைய ராஜகோபுரம் சிதைந்து நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்றிருக்கிறது. இப்போது நாம் பார்க்கும் ஒன்பது நிலைக் கோபுரத்துக்கு 1990-ல்தான் கும்பாபிஷேகம் நடந்தது. கோபுர வாசலுக்குள் கால் வைத்ததும் துப்பட்டா தோளில் நிற்கவில்லை. அப்படி ஒரு காற்று!

“எப்பவுமே இப்படித்தானாக்கா?” என்று பூக்காரப் பெண்ணிடம் கேட்டேன். “சீஸன்ல இப்படித்தான். பூக்கூடையே பறக்கும்” என்றார்.

காரணம் ஊரின் மேற்கே இருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலை சுவர்போல நின்று தென்மேற்குப் பருவமழையைக் கேரளப் பக்கமே தடுத்து வைத்துக்கொள்கிறது. அந்தச் சுவரில் செங்கோட்டைக்கு மேற்கே ஒரு இடைவெளி உண்டு, ஆரியங்காவு கணவாய். காற்றும் மேகமும் அந்த வாசல் வழியாக இந்தப் பக்கம் நுழைகின்றன. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தமிழ்நாட்டின் பல ஊர்கள் காய்ந்து கிடக்கும்போது தென்காசி மட்டும் நனைவது இதனால்தான்.

ஆர்ச்சைத் தாண்டினால் தடை

“பேரருவிக்குப் போணும் அண்ணாச்சி” என்று ஆட்டோவில் ஏறினேன். “பார்க்கலாம், குளிக்க முடியாதும்மா. ஆர்ச்சைத் தாண்டி விழுது. மூடிட்டாவ” என்றார்.

நாங்கள் தலைப்பில் எழுதும் ‘பாதுகாப்பு வளைவு’தான் ஊர்க்காரர்கள் வாயில் ‘ஆர்ச்’. பேரருவியின் முன்னால் கட்டியிருக்கிறார்கள். தண்ணீர் பாறையை ஒட்டி ஆர்ச்சுக்குள் விழுந்தால் குளிக்கலாம். ஆர்ச்சைத் தாண்டி எகிறி விழுந்தால் மேலிருந்து கல்லும் கட்டையும் சேர்ந்து வரலாம். உடனே கயிறு கட்டிவிடுவார்கள். மழை அளவு, விநாடிக்கு எத்தனை கன அடி என்றெல்லாம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. எட்டு வயதுக் குழந்தைகூட ஆர்ச்சைப் பார்த்து இன்றைக்குக் குளியல் உண்டா, இல்லையா என்று சொல்லிவிடும்.

தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். சுமார் 60 மீட்டர் உயரம். சிற்றாறு மேலிருந்து அப்படியே நம் தலையில் விழுவதில்லை. நடுவில் ‘பொங்குமாங்கடல்’ என்ற பெரிய பள்ளத்தில் விழுந்து, பொங்கி நிரம்பி, வேகம் குறைந்து பிறகு கீழே வருகிறது. அந்தப் பள்ளம் இருப்பதால்தான் மனிதர்கள் இந்த அருவியில் நிற்கவே முடிகிறது. அன்று பொங்குமாங்கடலையும் மீறிக்கொண்டு வந்தது தண்ணீர். ஐம்பது அடி தள்ளி நின்றும் கண்ணாடி நனைந்து ஒன்றும் தெரியவில்லை.

இந்த மலைமேல் சுமார் 2 கிலோமீட்டர் தூரத்தில் செண்பகாதேவி அருவி இருக்கிறது. அதற்கும் மேலே தேனருவி. ரீல்ஸில் பார்த்து அங்கே போக வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது. ஆனால், வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. “சில பேர் குறுக்கு வழியில ஏறுதாவளாமே?” என்று ஒரு பழக்கடைக்காரரிடம் பேச்சுக் கொடுத்தேன். மங்குஸ்தானை உடைத்துக் கையில் வைத்தபடி, “ஏறுதது பெருசில்லம்மா. மேல மழை பெஞ்சா இறங்க வழி இருக்காது” என்றார்.

அவர் சொன்னதும் 2024-ம் ஆண்டு மே 17-ம் தேதி நினைவுக்கு வந்தது. சீஸன்கூடத் தொடங்கவில்லை, கோடைமழைதான். பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். மக்கள் அலறிக்கொண்டு ஓடும் வீடியோ அன்று எல்லோருடைய போனிலும் வந்தது. எங்கள் டெஸ்க்கில் அதைத் திரும்பத் திரும்பப் பார்த்தோம். எனக்கு அதில் புரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். ‘தண்ணீர் வருவது இவர்களுக்கு முன்பே தெரியாதா?’

அன்று மதியத்துக்குள் அதற்குப் பதில் கிடைத்தது.

எட்டோடு ஒன்பது

ஐந்தருவியில் குளிக்க அனுமதி இருப்பதாகச் சொன்னார்கள். பேரருவியிலிருந்து சில கிலோமீட்டர். ஷேர் ஆட்டோவில் போய் இறங்கினேன். ஒரே ஓடைதான், பாறையில் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுகிறது. பெண்களுக்குத் தனிப் பகுதி. நல்ல கூட்டம். வழியெல்லாம் குரங்குகள். குற்றாலக் குறவஞ்சி எழுதிய மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் இந்தக் குரங்குகளுக்குத் தன் நூலில் இடம் கொடுத்தது 18-ம் நூற்றாண்டில். இவை என் பையின் ஜிப்பையே பார்த்துக்கொண்டிருந்தன.

இப்போது அந்தக் கேள்வி வந்துவிட்டது. பையை யார் பார்த்துக்கிறது?

படிக்கட்டில் ஒரு ஆச்சி உட்கார்ந்திருந்தார். எழுபது வயது இருக்கும். சுற்றிலும் பைகள். வெற்றிலை போட்ட வாயோடு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏட்டி, ஒத்தையிலயா வந்த?”

“ஆமா ஆச்சி.”

“எங்கன இருந்து?”

“சென்னை.”

“அங்க தண்ணி இல்லையாக்கும்?”

நான் சிரித்துவிட்டேன். ஆச்சி சிரிக்கவில்லை. “பைய இங்கன வை. எட்டு கெடக்கு, ஒம்பதாக் கெடக்கட்டும். போய்க் குளி” என்றார்.

அவர் பேர் எனக்குத் தெரியாது. சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம், மகன் குடும்பத்தோடு வேனில் வந்திருக்கிறார் என்பது மட்டும் தெரியும். இரண்டு விநாடி யோசித்தேன். யாரையாவது நம்பித்தான் ஆக வேண்டும் என்றால், எட்டுப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் பாட்டியைவிட நல்ல ஆள் கிடைக்காது. பையை வைத்துவிட்டுப் போனேன்.

அருவிக்குள் முதல் அடி வைத்ததும் மூச்சு நின்றுவிட்டது. முதுகில் யாரோ உலக்கையால் குத்துவதுபோல் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. யார் என்றே தெரியாத ஒரு ஸ்கூல் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கையை அவள் அம்மா பிடித்திருந்தார். அப்படியே வரிசையாக எட்டுப் பத்துப் பெண்கள் சங்கிலிபோல நின்றோம். எல்லோரும் கத்தினோம். என்ன கத்தினோம் என்று யாருக்கும் கேட்கவில்லை. அலுவலகம், டார்கெட், பாதியில் விட்ட ஸ்டோரி எதுவும் அந்தப் பத்து நிமிடம் ஞாபகத்தில் இல்லை.

விசில்

விசில் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. அருவிக்குள் நிற்கிறவருக்கு அது கேட்காது என்று அப்போதுதான் தெரிந்தது. அந்த ஸ்கூல் பெண் கையை வெடுக்கென்று இழுத்தாள். முகத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தால், ஒரு பெண் காவலர் கையை வீசி வீசி எல்லோரையும் வெளியே வரச் சொல்லிக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரியவில்லை. வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சாரல்கூட நின்றுபோயிருந்தது. “ஏன்க்கா, என்னாச்சு?” என்று பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கேட்டேன். அவர் அருவியைக் காட்டி, “கலரப் பாரும்மா” என்றார்.

வெள்ளையாக விழுந்த தண்ணீர் வெளிர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. காய்ந்த இலைகள் வந்தன. பிறகு குச்சிகள். கடைசிப் பாட்டி படியேறி முடிக்கும்போது சத்தம் மாறியது. ‘சோ’ என்றிருந்தது ‘தடதட’ என்று கேட்டது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. நாங்கள் கைகோத்து நின்ற இடத்தில் கால் வைக்கும் பாறையே தெரியவில்லை. செம்மண் நிறத்தில் ஒரே வெள்ளம். ஐந்து கிளை ஒன்றாகிவிட்டது.

அன்று யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் வெளியே வந்திருந்தோம்.

காரணம் எளிது. மழை பெய்தது கீழே இல்லை, மலையுச்சியில். மேகம் மறைத்திருந்ததால் கீழே நிற்பவர்களுக்கு அது தெரியாது. இந்த ஓடைகள் சமவெளி ஆறுகளைப்போல ஐம்பது, அறுபது கிலோமீட்டர் ஓடிவருவதில்லை. செங்குத்தான பாறைச் சரிவில் சில கிலோமீட்டர்தான். உச்சியில் பெய்த கனமழை அடிவாரத்துக்கு வந்து சேர அதிக நேரம் தேவையில்லை. நிற மாற்றம், இலை, குச்சி, சத்தம் என்று தண்ணீர் முன்கூட்டியே சொல்கிறது. ஆனால், அதைச் சொல்வதற்கும் வந்து சேர்வதற்கும் இடையே கிடைப்பது சில நிமிடங்கள்தான். மே மாத வீடியோவில் எனக்குப் புரியாமல் போனது இதுதான்.

ஏ சென்னைப் புள்ள!

வெளியே வந்தவர்களை எல்லாம் மேலே போகச் சொல்லிவிட்டார்கள். ஆச்சி உட்கார்ந்திருந்த படிக்கட்டு காலி. எட்டுப் பையும் இல்லை. ஒன்பதாவதும் இல்லை.

நூற்றுக்கணக்கில் கூட்டம். எல்லோரும் நனைந்திருந்தோம், எல்லோரும் யாரையோ தேடினோம். குழந்தையின் பேர் சொல்லிக் கூப்பிடும் அப்பாக்கள், மனைவியைத் தேடும் கணவர்கள். நான் யார் பேரைச் சொல்லிக் கூப்பிடுவது? ‘ஆச்சி’ என்று கூப்பிட்டால் இந்த ஊரில் ஐம்பது பேர் திரும்பிப் பார்ப்பார்கள். காலில் செருப்பில்லை. கையில் பைசா இல்லை. மனப்பாடமாகத் தெரிந்த போன் நம்பர் அம்மாவுடையது மட்டும்தான். அம்மாவுக்குப் போன் போட்டு என்ன சொல்வது? ஈரத்துணியில் காற்று பட்டு உடம்பு நடுங்கியது. குளிரினாலா என்று தெரியவில்லை.

அப்படியே இருபது நிமிடம் மேலும் கீழும் நடந்திருப்பேன்.

“ஏ சென்னைப் புள்ள! ஏட்டி, இங்கன!”

டீக்கடை பெஞ்சில் ஆச்சி. மடியில் என் பை. மற்ற எட்டும் மருமகள் காலடியில் கிடந்தன. எனக்குப் பேச்சு வரவில்லை. ஆச்சிக்கு வந்தது.

“விசிலு ஊதுனதும் முதல்ல உன் பையத்தான் தூக்குனேன். எம் பேத்தியளுக்குத் தேட ஆள் இருக்கு. உனக்கு இங்க யாரு இருக்கா?”

மகன் ஒரு டீயும் சூடாக மிளகாய் பஜ்ஜியும் வாங்கி நீட்டினார். உடை மாற்றிக்கொண்டு வந்தேன். கிளம்பும்போது ஆச்சி மகனிடம் சொல்லி என் போனில் நம்பரைப் போடச் சொன்னார். “வீடு போய்ச் சேந்ததும் ஒரு போன் போடு” என்றார்.

மலைக்கு அந்தப் பக்கம்

அருவிகள் எல்லாவற்றிலும் தடை. மணி ஒன்றரை. அந்தத் தண்ணீர் பிறக்கும் காட்டைக் கொஞ்சமாவது பார்க்க வேண்டும்போல் இருந்தது. செங்கோட்டைக்குப் போய் கேரள பஸ் பிடித்தேன். செங்கோட்டையே 1956 நவம்பர் 1-ம் தேதிவரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர்தான். மொழிவழி மாநிலங்கள் பிரிந்தபோது தமிழ்நாட்டுக்கு வந்தது. பக்கத்திலிருக்கும் பிரானூரை இன்றும் ‘பார்டர்’ என்றே சொல்கிறார்கள். ஊரெல்லாம் ஃபேமஸான பார்டர் பரோட்டாவுக்குப் பேர் வந்த கதை இதுதான்.

புளியரையில் பச்சை வயல். அதைத் தாண்டி எஸ் வளைவு. வளைந்து ஏறியதும் சட்டென்று வெளிச்சம் குறைந்தது. அரைமணி நேரத்துக்குள் வேறு உலகம்! ஆரியங்காவில் இறங்கினேன். பாலருவிக்கு வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். டிக்கெட் வாங்கும்போது அங்கிருந்த சேச்சி, “ஒற்றைக்காணோ?” என்றார். அந்தக் கேள்வி மட்டும் எல்லை தாண்டியும் மாறவில்லை. குளிக்க அங்கேயும் அனுமதி இல்லை, பார்க்கலாம் என்றார்.

மழைக்காடு என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். நேரில் அது முதலில் காதில்தான் விழுந்தது. சில்வண்டுச் சத்தம், இலையிலிருந்து இலைக்குச் சொட்டும் தண்ணீர். மழை நின்ற பிறகும் மரங்களுக்குக் கீழே மழை பெய்துகொண்டே இருந்தது. பெரிய மரங்களின் அடியில் பலகைபோல் விரிந்த வேர்கள். தரையில் இலைமக்கு. கால் வைத்தால் மெத்தைபோல் அமுங்குகிறது. பெய்யும் மழையை இந்த மெத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெதுவாக விடுவதால்தான் மழையில்லாத நாளிலும் ஓடைகள் ஓடுகின்றன. உச்சியில் ஒரு மலை அணில் கிளைக்குக் கிளை தாவியது. பூனை அளவுக்கு இருந்தது.

பக்கத்திலேயே செந்துருணி சரணாலயம். செங்குறிஞ்சி என்ற மரத்தின் பேரால் வந்த பெயர். 2012-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த மேற்குத் தொடர்ச்சி மலையின் 39 இடங்களில் அதுவும் ஒன்று.

பாலருவி சுமார் 300 அடி உயரத்திலிருந்து விழுந்துகொண்டிருந்தது. இந்தத் தண்ணீர் கல்லடை ஆற்றோடு போய், கொல்லம் அஷ்டமுடிக் காயல் வழியாக அரபிக்கடலில் சேரும். காலையில் நான் பார்த்த சிற்றாறு தாமிரபரணியில் கலந்து மன்னார் வளைகுடாவுக்குப் போகும். ஒரே மேகம்தான். மலைமுகட்டில் இந்தப் பக்கம் விழுந்த துளிக்கு ஒரு கடல், அந்தப் பக்கம் விழுந்த துளிக்கு வேறு கடல்!

வண்டிக்குத் திரும்பியபோது கணுக்காலில் ஏதோ ஈரமாக இருந்தது. பார்த்தால் அட்டை! ஒன்றல்ல, மூன்று. வலியே தெரியவில்லை. கத்தினேன் என்று சொல்லத் தேவையில்லை. காவலர் ஒருவர் அமைதியாகக் கொஞ்சம் உப்பு கொண்டுவந்து போட்டார். மூன்றும் சுருண்டு விழுந்தன. கடித்த இடத்தில் ரத்தம் வெகுநேரம் நிற்கவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் சுரக்குமாம். பயப்பட வேண்டியதில்லை, கழுவித் துடைத்தால் போதும் என்றார்.

இரவு பார்டரில் பரோட்டா சாப்பிட்டுவிட்டுத் தென்காசியில் சென்னை பஸ் ஏறினேன். அருவிக்குள் எடுத்த போட்டோ என்னிடம் ஒன்றுகூட இல்லை. போன் ஆச்சி மடியில் அல்லவா இருந்தது!

தனியாகப் போகிறீர்களா?

தாராளமாகப் போங்கள். சில விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள்.

• கிளம்பும் அன்று காலையில் எந்த அருவியில் தடை என்று பாருங்கள். ஊருக்குப் போனதும் ஆட்டோ அண்ணாச்சியிடம் இன்னொரு முறை கேளுங்கள்.

• அருவிக்குள் விசில் கேட்காது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை வெளியே வந்து காவலர் நிற்கும் பக்கம் பாருங்கள். தண்ணீர் நிறம் மாறினாலோ, இலையும் குச்சியும் வந்தாலோ யாரும் சொல்லக் காத்திருக்காமல் வெளியேறுங்கள்.

• பணத்தையும் டிக்கெட்டையும் ஒரே பையில் வைக்காதீர்கள். வீட்டு போன் நம்பர் இரண்டாவது மனப்பாடமாக இருக்கட்டும்.

• காட்டில் அனுமதியுள்ள பாதையைவிட்டு விலகாதீர்கள். ஒரு சின்னப் பொட்டலம் உப்பு கையில் இருக்கட்டும்.

மறுநாள் காலை வீட்டுக்கு வந்ததும் ஆச்சிக்குப் போன் போட்டேன். “சேந்துட்டியா?” என்றார். சேர்ந்துவிட்டேன் என்றேன். “இன்னைக்கு ஆர்ச்சுக்குள்ள விழுதாம். தொறந்துட்டாவளாம். இருந்திருக்கலாம்லா நீ?” என்றார்.

பத்து மணிக்கு டெஸ்க்கில் இருந்து மெசேஜ் வந்தது. “குற்றாலத்தில் தடை நீக்கமாம். நீதான் அங்க போயிருக்கியே, கன்ஃபர்ம் பண்ணிச் சொல்லு.”

கன்ஃபர்ம் பண்ணிச் சொல்லிவிட்டேன்.